கழற்றிய பாகத்தின் வேலை

(எளிய உலோக மேசை விளக்கு வடிவமைப்பைப் பற்றி ஆரையம்பதியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அலங்காரம் ஏதுமில்லாத ஓர் உலோக மேசை விளக்கை எப்படி வடிவமைப்பது என்று பேசச் சொன்னார்கள். ஒரு தட்டு, ஒரு குழாய், ஒரு தொப்பி, அவ்வளவுதானே, இதில் ஒரு மணி நேரம் கதைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடைகளில் அப்படிப்பட்ட விளக்குகள் நிறைய வந்துவிட்டன. மெலிந்த கறுப்புக் கம்பி, உருண்டையான சின்னத் தலை. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் கை பட்டதும் சரிகிறது, தலை சுடுகிறது, வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது. அவற்றைச் செய்தவர் பாகங்களைக் கழற்றியிருக்கிறார். கழற்றிய பாகம் செய்துகொண்டிருந்த வேலையை மிச்சமிருக்கும் எந்தப் பாகத்திடம் ஒப்படைப்பது என்று அவர் யோசிக்கவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விசயத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்கான உதாரணங்கள்.

முதல் உதாரணம் நம் இலங்கையிலிருந்தே. கேகாலை மாவட்டத்தில் தெதிகம என்றொரு ஊர். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவோடு தொடர்புடைய கொட்டவெஹர என்ற தாதுகோபம் அங்கே இருக்கிறது. 1951இல் அதை அகழ்ந்தபோது வெண்கலத்தில் வார்த்த தொங்குவிளக்கு ஒன்று கிடைத்தது. சங்கிலியில் தொங்கும் எண்ணெய்த் தட்டு. தட்டின் நடுவில் ஒரு யானை. பார்த்தால் யானை அலங்காரத்துக்கு நிற்பதுபோல் இருக்கும். அதன் வயிறு ஓர் அடைத்த எண்ணெய்ப் பாத்திரம். திரி எரிந்து தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கும்போது யானையின் வயிற்றுக்குள் காற்றுப் புகுகிறது, அந்த அளவுக்கு எண்ணெய் கீழே வடிகிறது. மட்டம் ஏறியதும் காற்றின் வழி மூடிக்கொள்கிறது, வடிதல் நிற்கிறது. கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப் போத்தலைத் தட்டில் கவிழ்த்து வைப்போமே, அதே சங்கதி. வால்வு இல்லை, மிதவை இல்லை, பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்ற ஆளும் தேவையில்லை. அத்தனை பேரின் வேலையையும் யானையின் வயிறு செய்கிறது. அந்த விளக்கைக் குறைத்த வடிவமைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், வேலைப்பாடு அவ்வளவு இருக்கிறது. ஆனால் வேலையைப் பகிர்ந்து கொடுத்த விதத்தில் அதைப்போலச் சிக்கனமான விளக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் வீட்டுக் குத்துவிளக்கையும் இப்படிப் பாருங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்திலே நாச்சியார்கோவில் என்ற ஊர் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போனது, புவிசார் குறியீடும் பெற்றது. அடித்தட்டு, தண்டு, தகழி, உச்சிக் கொண்டை என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்குகிறார்கள். அகலமான அடி விளக்கைச் சாயவிடாது. அதன் விளிம்பு மேலிருந்து வழியும் எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. முறுக்கிக் கழற்ற முடிவதால்தான் வருசம் முழுதும் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கைப் புளி போட்டுத் தேய்க்க முடிகிறது. ஒட்டியோ பற்றவைத்தோ செய்திருந்தால் நம் பாட்டிமார் என்றைக்கோ அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விசயம். இந்த மண்டபத்தில் ஐம்பது வயது தாண்டிய எல்லோரும் குப்பி விளக்கில் படித்தவர்கள்தான். எழுவான்கரையில் மின்சாரம் வந்தபிறகும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான். வெறும் போத்தல் ஒன்று, மூடியில் ஒரு துளை, துளைக்குள் சுருட்டிய தகரக் குழல், அதற்குள் சீலைத் திரி, கீழே மண்ணெண்ணெய். இதைவிடக் குறைத்துச் செய்ய முடியுமா? முடியாது. அதே நேரம் இந்த நாட்டில் எத்தனையோ பெண்களையும் குழந்தைகளையும் எரித்த பொருளும் அதுதான். போத்தல் உயரம், அடி ஒடுக்கம், மூடி சும்மா செருகி வைத்தது. பூனை தட்டினாலும் விழும். விழுந்தால் மூடி கழரும், எண்ணெய் கொட்டும், கொட்டிய எண்ணெயில் திரி கிடக்கும்.

எரிகாயப் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து களைத்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், விஜய கொடகும்புர, இதை மருத்துவமனைக்குள் தீர்க்க முடியாது என்று முடிவெடுத்தார். விளக்கையே திருத்தப் போனார். அவர் கண்ணில் பட்டது மாமைட் போத்தல். குட்டையானது, கனமானது, இரண்டு பக்கம் தட்டை. அந்த யோசனையிலிருந்து சுதீப என்ற விளக்கு பிறந்தது. குட்டையாக, கனமாக இருப்பதால் இலேசில் விழாது. விழுந்தாலும் தட்டைப் பக்கத்தில் கிடக்கும், உருளாது. கண்ணாடி தடிப்பானது, எளிதில் உடையாது. மூடி உலோகத்தால் ஆனது, மரை போட்டு இறுக்கியது, எண்ணெய் கொட்டாது. 1998இல் இந்த வேலைக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான விளக்குகள் வீடுகளுக்குப் போயின.

தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய குப்பி விளக்கில் மூன்று பாகம்: போத்தல், குழல் செருகிய மூடி, திரி. புதிய விளக்கிலும் அதே மூன்றுதான். பாதுகாப்புக்கென்று ஒரு கூடு மாட்டவில்லை, கைப்பிடி வைக்கவில்லை, எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டவில்லை. போத்தலின் வடிவத்தை மாற்றினார், மூடிக்கு மரை போட்டார். உலகத்தில் பேர்பெற்ற வடிவமைப்பாளர்கள் செய்த எத்தனையோ விளக்குகளை நூதனசாலைகளில் வைத்திருக்கிறார்கள். இதை அவற்றுக்கு மேலே வைப்பேன். யாராவது கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

நூதனசாலை விளக்குகளையும் விட்டுவிட முடியாது, அவற்றில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. 1924இல் ஜேர்மனியின் வைமர் நகரில், பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியின் உலோகப் பட்டறையில் யுக்கர், வாகன்ஃபெல்ட் என்ற இருவர் ஒரு மேசை விளக்குச் செய்தார்கள். வட்ட அடி, நேரான தண்டு, பால்வெள்ளைக் கண்ணாடிக் குடை. இன்றைக்கும் அதைச் செய்து விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வருசம் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுபோனபோது வியாபாரிகள் சிரித்தார்களாம். பார்த்தால் இயந்திரத்தில் செய்த மலிவுச் சாமான், விலை கேட்டால் கைவேலைப் பொருளின் விலை! எளிமையாகத் தெரிவது வேறு, எளிமையாகச் செய்ய முடிவது வேறு. தட்டைப் பரப்பு ஒன்றைக் கையால் கீறலில்லாமல் மினுக்கிப் பார்த்தவருக்கு அந்த விலையின் நியாயம் விளங்கும். பூவேலை கீறலை மறைக்கும். வெறும் பரப்பு எதையும் மறைக்காது. அதே பள்ளியில் வந்த மரியான் பிராண்ட், இன்னொருவரோடு சேர்ந்து 1928இல் ஒரு கட்டில் விளக்கைச் செய்தார். அதில் சுவிட்ச் அடித்தட்டிலேயே பெரிய பொத்தானாக இருந்தது. இருட்டில் தடவுகிற கைக்கு முதலில் அகப்படுவது அடித்தட்டுத்தானே.

1932இல் ஜோர்ஜ் காவர்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், வாகனங்களின் சுருள்வில் வேலையில் ஊறியவர், சுருள்வில்லால் சமன் செய்த கை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆங்கிள்பாய்ஸ் விளக்கு அதிலிருந்து வந்தது. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே நிற்கும். இறுக்குகிற திருகு தேவையில்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 1972இல் இத்தாலியின் ஆர்ட்டெமிடே நிறுவனம் வெளியிட்ட திட்சியோ. வடிவமைத்தவர் ரிச்சர்ட் சாப்பர். இரண்டு மெல்லிய கைகள், இரண்டு எதிர்பாரங்கள், தலையில் சின்ன ஹலஜன் குமிழ். வயர் எங்கே என்று தேடினால் கிடைக்காது. 12 வோல்ட்டில் எரிகிற குமிழ் அது. உலோகக் கைகளே மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. 12 வோல்ட்டுக்கு இறக்குகிற டிரான்ஸ்ஃபோமர் கனமான சாமான், அதை அடிக்குள் வைத்தார். அதுவே விளக்கைச் சாயாமல் பிடிக்கும் பாரமும் ஆனது. வயரைக் கழற்றினார், அதன் வேலை கைக்குப் போனது. அடிப்பாரத்தைக் கழற்றினார், அதன் வேலை டிரான்ஸ்ஃபோமருக்குப் போனது. என் பேச்சின் தலைப்பை இந்த விளக்கைப் பார்த்துத்தான் வைத்தேன் என்றே சொல்லலாம்.

சரி, ஆரையம்பதியிலே ஒரு பட்டறையில் நாம் ஒன்று செய்கிறோம் என்று வைப்போம். எங்கே தொடங்குவது? எல்லோரும் தலையிலே தொடங்குவார்கள். நான் அடியிலே தொடங்கச் சொல்வேன்.

15 சென்ரிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வட்ட இரும்புத் தகடு ஏறக்குறைய 1.4 கிலோ. தலை 150 கிராம், தகட்டின் நடுவிலிருந்து 30 சென்ரிமீட்டர் தள்ளி நீண்டு நிற்கிறது. தண்டின் பாரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தகட்டின் விளிம்பைத் தராசின் தாங்குபுள்ளியாக நினைத்துக் கணக்குப் போட்டால், கவிழ்க்கிற பக்கத்தைவிட நிறுத்துகிற பக்கம் மூன்று மடங்கு. போதும். அதே தகட்டை அலுமினியத்தில் வெட்டினால் 480 கிராம்கூட வராது. அப்போது இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமன். வயரில் கை பட்டாலே விளக்கு மூக்குப்பட விழும். இப்போது இன்னொன்று செய்து பாருங்கள். இரும்பையே எடுத்து, விட்டத்தை 20 சென்ரிமீட்டராக்கி, தடிப்பை 6 மில்லிமீட்டராகக் குறையுங்கள். பாரம் 1.5 கிலோவுக்குள்தான், ஆனால் நிறுத்துகிற பக்கம் ஐந்து மடங்குக்குக் கிட்டப் போய்விடுகிறது. காசைத் தடிப்பில் போடுவதைவிட அகலத்தில் போடுவது நல்லது. காசே போட வேண்டாம் என்றால் பழைய இரும்புக் கடையில் கழித்துவிட்ட வாகனப் பிறேக் தட்டு ஒன்றை எடுங்கள். வட்டமாகக் கடைந்தது, நடுவில் துளையும் தயார்.

அடுத்தது தண்டு. விளக்குச் சாமான்களுக்கு 10 மில்லிமீட்டர் மரைக்குழல் பல நாடுகளில் வழக்கமான அளவு, மரைகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர். அதோடு பொருந்துகிற குழாயாகப் பார்த்து எடுத்தால் பிறகு அந்த அளவு உதிரிப்பாகம் எதையும் வாங்கிப் போடலாம். குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க, நன்றாகக் காயவைத்த மணலை இறுக்கமாக நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வளையுங்கள். மணல் ஈரமாக இருந்தால், சூடு காட்டும்போது நீராவி முனை அடைப்பைப் பிடுங்கி எறியும். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு கணக்கு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று பள்ளியில் படித்தோம். புத்தகத்திலிருந்து 60 சென்ரிமீட்டரில் இருக்கிற விளக்கை 40க்கு இறக்கினால் தாளில் விழும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. ஆகவே பெரிய குமிழைத் தேடுவதற்கு முதல் தண்டைக் குட்டையாக்குங்கள். குட்டையாக்கினால் இன்னொரு நன்மையும் வரும்: தொப்பியின் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே போகும், குமிழ் நேரே கண்ணில் படாது.

இனித் தலை. பழைய இழைக் குமிழ் சூட்டைச் சுற்றிலும் கதிராக வீசிவிடும், அதனால் தொப்பி தகரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். எல்ஈடி அப்படியில்லை. ஒளியோடு சூட்டை முன்னால் வீசாது. தன் முதுகுப் பக்கமாகத்தான் விடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகம் வேண்டும், இல்லையென்றால் எல்ஈடியின் ஆயுள் சுருங்கும். உலோகம் என்றால் எதுவும் சரி என்று நினைக்காதீர்கள். சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தை 200 என்று வைத்தால் பித்தளை 110, சாதா இரும்பு 50, நாம் சில்வர் என்கிற கறள் பிடிக்காத உருக்கு வெறும் 16. பளபளவென்று சில்வரில் தலை செய்து எல்ஈடி வைப்பவர் அதற்குப் போர்வை போர்த்துகிறார். அலுமினியத் தகட்டில் தொப்பி செய்து, எல்ஈடிப் பலகையை நடுவில் வெப்பப் பசை தடவி இறுக்கிவிட்டால் தனியாகச் செதில் வைத்த குளிர்த்தி தேவையில்லை. தொப்பி நிழலும் தரும், சூட்டையும் ஆற்றும்.

மின்சாரம். உலோக உடம்புக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோனால் எர்த் வயர் கட்டாயம். உள்ளே எங்காவது வயரின் தோல் உரிந்தால் விளக்கு முழுவதும் உயிர்க்கம்பி ஆகிவிடும். ஈரக் கையோடு தொடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. இரண்டு கம்பி வயரைப் போட்டு உலோக விளக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், வாங்கவும் வேண்டாம். என் யோசனை, 230ஐ விளக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பது. தொலைபேசிச் சார்ஜர் தருகிற 5 வோல்ட் போதும். மேசைக்கு 5 வாற் எல்ஈடி தாராளம். ஆனால் வெள்ளை எல்ஈடிக்கு வேண்டியது 3 வோல்ட்டுக்குப் பக்கம்தான். மிச்சத்தை ஒரு தடையில் எரித்தால் பத்தில் நாலு பங்கு மின்சாரம் சூடாகப் போகும். அதனால் மாறா மின்னோட்டம் தருகிற சின்னப் பலகை ஒன்றைப் போடுங்கள். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்படி ஒரு நாள் திரும்ப வந்தாலும் பவர் பாங்கில் செருகிப் பிள்ளை படிக்கலாம்.

எந்தப் புத்தகமும் நம் ஊருக்கென்று எழுதாத ஒரு விசயம், உப்புக்காற்று. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவிலே ஒடுக்கமான மணல் திட்டில் இருக்கிறோம். கல்லடியில் 1924இல் போட்ட இரும்புப் பாலத்துக்குப் பூச்சு அடித்து அடித்துத்தான் காலம் போனது. மேசை விளக்கு அவ்வளவு வெளியில் நிற்பதில்லை என்றாலும் யன்னல் திறந்துதானே இருக்கிறது. இரும்புத் தகட்டை வெறுமனே கறுப்பு வண்ணம் அடித்து விடாதீர்கள். முதலில் நாகப் பூச்சு, அதன்மேல் பவுடர் பூச்சு. விளிம்புகளை அரம் போட்டு மழுக்கிய பிறகே பூசுங்கள், கூர் விளிம்பில் பூச்சு நிற்காது, கறள் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொரு பொல்லாப்பு, அலுமினியத் தொப்பியைப் பித்தளைத் திருகாலோ சில்வர்த் திருகாலோ நேரே முடுக்குவது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு பற்றரி உண்டாகும், அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரையும். நடுவிலே ஒரு நைலோன் வளையம் போடுங்கள். இங்கே மட்டும் பாகத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன்.

முழுவதையும் பித்தளையிலே செய்தால் என்ன என்று முன்வரிசையில் ஒரு ஐயா பேச்சுத் தொடங்கமுதலே கேட்டார். செய்யலாம் ஐயா. பூச்சே வேண்டாம், கறுத்தால் புளி இருக்கிறது, பாரமும் இரும்பைவிடச் சற்றுக் கூட. விலைதான் இடிக்கும். அடியை இரும்பிலும் தண்டை மட்டும் பித்தளையிலும் செய்வது நடுவழி.

கடைசியாக ஒன்று. மேசை விளக்கு என்கிறோம், ஆனால் நம் பகுதியில் எத்தனை வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு மேசை இருக்கிறது? பாய் விரித்து, சம்மணம் கொட்டி, மடியிலோ தரையிலோ புத்தகத்தை வைத்துப் படிக்கிற பிள்ளைகள்தான் கூட. இருக்கிற பிள்ளையின் கண் தரையிலிருந்து 60, 70 சென்ரிமீட்டர் உயரத்தில் வரும். புத்தகத்துக்கு மேலே குனிந்தால் இன்னும் கீழே. அப்படியென்றால் தொப்பியின் விளிம்பு 40க்கு மேலே போகக் கூடாது. தரையில் வைக்கிற விளக்கைக் கால் தட்டும், தவழ்கிற குழந்தை பிடித்திழுக்கும். ஆகவே 20 சென்ரிமீட்டர் அடி இங்கே கட்டாயம். பாயிலிருந்து எழும்பாமல் தொட வேண்டும் என்பதால் சுவிட்ச் அடித்தட்டில். பாயின் ஈரமும் மணலும் அடியை அரிக்கும், கீழே மூன்று இறப்பர்ப் பொட்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். நாலு வைத்தால் மேடுபள்ளமான தரையில் ஒரு கால் ஆடும். மூன்று எந்தத் தரையிலும் பதியும்.

இந்தத் தரை விளக்கின் அளவுகளைப் பின்னாலுள்ள கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பட்டறைக்காரர் யாராவது அதில் பிழை கண்டால் இப்போதே எழும்பிச் சொல்லலாம்.